இன்று காய்ச்சலின் முறை

போடிநாயக்கனூர்,
21 பிப்ரவரி 1937, ஞாயிற்றுக்கிழமை.

அன்பு மகள் சொர்ணலதாவுக்கு அம்மா ஆசையோடு எழுதுவது. கர்த்தருடைய சமாதானம் உன்னைவிட்டு விலகாமல் இருக்கட்டும். நீ சுகமாயிருக்கிறாயா, வேளாவேளைக்குச் சாப்பிடுகிறாயா, அதை முதலில் எழுது. இங்கே யாவரும் சுகம் என்று எழுதிப் பழகின கை இன்றைக்கு அந்த வரிக்கு வந்ததும் நின்றுவிட்டது. பயப்படாதே, உன் அப்பாவுக்குக் காய்ச்சல். போன மாதம் ஏலக்காய் பார்க்கக் கோம்பைப் பக்கம் மலையடிவாரத்தில் போய்த் தங்கினார்கள், கொசுவலையை எடுத்துப் போங்கள் என்று நான் சொன்னது காதில் ஏறினால்தானே, இந்தத் திங்கட்கிழமை குளிர் பிடித்துவிட்டது. உன் கடிதம் அதற்கு முந்தின சனிக்கிழமைதான் வந்தது. பதில் சுணங்கினதற்கு அதுதான் காரணம், அம்மாவுக்குக் கோபம் என்று நினைத்துக்கொண்டு சாப்பிடாமல் கிடக்காதே.

உன் கடிதத்தை அப்பாவுக்கும் வாசித்துக் காட்டினேன். டாக்டர் படிப்பின் வாய்மொழிப் பரீட்சையில் தவறிவிட்டேன், சித்திரையில் மறுபடி எழுதச் சொல்லாதீர்கள், எத்தனை படித்தாலும் தலையில் ஒன்றும் நிற்கவில்லை, இனி நான் தேற மாட்டேன், ஊருக்கு வந்து மிஷன் பள்ளிக்கூடத்தில் வாத்திச்சியாக இருந்துவிடுகிறேன் என்று எழுதியிருக்கிறாய். வாத்திச்சி வேலை ஒன்றும் மட்டமில்லை அம்மா, கல்யாணத்துக்கு முன்னால் நானும் அந்தப் பள்ளிக்கூடத்தில் அரிச்சுவடி சொல்லிக்கொடுத்தவள்தான். ஆசைப்பட்டு வந்தால் வா. ஓடி ஒளிய இடம் தேடி அங்கே வந்தால் அந்தப் பிள்ளைகள் ஒரு வாரத்தில் கண்டுபிடித்துவிடும். மூன்றாம் முறைக் காய்ச்சல் எப்போதெப்போது வரும் என்று பரீட்சை வைத்த துரை கேட்டாராம், பெயரிலேயே மூன்று இருக்கிறதே என்று நீ மூன்று நாளைக்கு ஒருமுறை, நடுவில் இரண்டு நாள் சும்மா இருக்கும் என்று சொன்னாயாம், அவர் புருவத்தைத் தூக்கினதும் உனக்கு நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டதாம், அதற்குப் பிறகு கேட்டது எதற்கும் வாயே திறக்கவில்லையாம். வாசித்தபோது இதில் என்ன தப்பு என்று எனக்கு விளங்கவே இல்லை.

இப்போது விளங்கிவிட்டது. திங்கட்கிழமை சாயங்காலம் கம்பவுண்டர் பொன்னுராஜ் வந்து பார்த்துவிட்டு, இப்போது ஊரில் சுற்றுவது மூன்றாம் முறைக் காய்ச்சல்தான், இதுவும் அதுவாகத்தான் இருக்கும் என்று சொல்லி கொயினா மருந்து கொடுத்துவிட்டுப் போனார். நானும் விரல் விட்டு எண்ணி, இனி வியாழன்தானே என்று புதன்கிழமை நிம்மதியாக மாவாட்ட உட்கார்ந்தேன். உச்சிப்பொழுதுக்கு உள்ளே கட்டில் கடகடவென்று ஆடுகிற சத்தம். மாவுக் கையோடு ஓடினேன். பிறகு கம்பவுண்டரைக் கேட்டால், வந்த நாளையும் சேர்த்துத்தான் எண்ண வேண்டுமாம், திங்கள் ஒன்று, செவ்வாய் இரண்டு, புதன் மூன்று. துரைக்கு முன்னால் நீ செய்த தப்பை ஆட்டுக்கல்லுக்கு முன்னால் நானும் அப்படியே செய்திருக்கிறேன், தாயைப் போலப் பிள்ளை என்று சும்மாவா சொன்னார்கள். வீட்டிலிருக்கிற கம்பளியெல்லாம் போர்த்தியும் அப்பாவுக்குப் பல் கிட்டி அடித்தது. குளிர் விட்டு, உடம்பு கொதித்து, வேர்த்து ஓய்ந்தபின், இனி நான் தேற மாட்டேன் என்றார்கள். நீ எழுதின அதே வார்த்தை. அப்பாவும் மகளும் பேசி வைத்துக்கொண்டு சொன்னால் நான் யாரைத் தேற்றுவது? என் அண்ணனை இந்த மலைக்காய்ச்சலுக்குத்தான் கொடுத்தேன் என்பது உனக்குத் தெரியும். அடுப்பங்கரைக்குப் போய் அழுதுவிட்டு வந்தேன்.

வெள்ளிக்கிழமையும் சொன்னபடி வந்தது, கொஞ்சம் லேசாக. இன்று காலை கோயிலில் விசுவாசப் பிரமாணம் சொல்லும்போது மூன்றாம் நாள் என்கிற இடம் வந்ததும் எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. வெள்ளி மரணம், ஞாயிறு உயிர்ப்பு, அதைத்தானே மூன்றாம் நாள் என்கிறோம். பேச்சு வந்த நாள் முதல் ஞாயிறுதோறும் அதைச் சொல்லி வளர்ந்த நீயும், உனக்குச் சொல்லிக்கொடுத்த நானும் கணக்கில் கோட்டைவிட்டோமே என்று சிரிப்பு வந்துவிட்டது. சபை ஐயரின் சம்சாரம் திரும்பிப் பார்த்தார்கள்.

கொயினாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். இரண்டு நாள் தின்றதும் உன் அப்பா, காதுக்குள் வண்டு இரைகிறது, இந்தக் கசப்பு என்னைச் செவிடாக்கிவிடும் என்று துப்பிவிட்டார்கள். அடுத்த வீட்டு மாயக்காள் வேறு வந்து, நீங்க வேதக்காரகளா இருந்தாலும் அண்ணனுக்காக நான் வீரபாண்டி ஆத்தாவுக்கு நேந்துக்கிறேன், மருந்தை விடச் சொல்லு என்றாள். நல்ல மனசு, என்ன சொல்லி மறுப்பது. அப்போதுதான் போன கோடை லீவு ஞாபகம் வந்தது. நான் ஏலக்காய்க்குக் காம்பு கிள்ளிக்கொண்டிருப்பேன், நீ புத்தகத்தை மூடி வைத்துக்கொண்டு முற்றத்தில் நடந்து நடந்து எனக்குப் பாடம் ஒப்பிப்பாய். கொயினா தின்றால் காது இரையும், தலை கிறுகிறுக்கும், அதற்குப் பயந்து பாதியில் விட்டால் காய்ச்சல் திரும்பும் என்று சொன்னாயே, அதை அப்படியே உன் அப்பாவிடம் ஒப்பித்தேன். எந்த டாக்டர் சொன்னது என்றார்கள். உங்கள் மகள் என்றேன். மருந்துக்கு வாயைத் திறந்தார்கள். இடது விலாவுக்குக் கீழே விரலை வைத்து மூச்சை இழுக்கச் சொல், மண்ணீரல் வீங்கியிருந்தால் விரலில் வந்து இடிக்கும் என்றாயே, அதையும் செய்தேன். கூச்சத்தில் கையைத் தட்டிவிட்டார்கள், அதனால் அது மட்டும் தெரியவில்லை.

தலையில் நிற்கவில்லை என்கிறாயே, உன் வாயால் கேட்ட எனக்கே இத்தனை நின்றிருக்கிறதே. நீ தனியாக மனதுக்குள் படித்தால் மறப்பாய், யாருக்காவது சொன்னால் மறக்க மாட்டாய். அறையில் கூட இருக்கிற பெண்ணை உட்கார வைத்து ஒப்பி. துரை கேட்கும்போதும் அவர் புருவத்தைப் பார்க்காதே, அம்மா காம்பு கிள்ளிக்கொண்டு எதிரே உட்கார்ந்திருக்கிறாள் என்று நினைத்து அவளுக்குச் சொல். கடைப் பலவேசம் வியாழக்கிழமை சென்னைக்குச் சரக்கோடு வருகிறான், பருப்புப் பொடியும் நெய்யும் கொடுத்துவிடுகிறேன். தலைக்கு எண்ணெய் வை. கொசுவலை இல்லாமல் படுக்காதே, நீயாவது கேள்.

இப்போது காய்ச்சல் வருகிற வேளை. கட்டில் காலில் முதுகைச் சாய்த்துக்கொண்டுதான் எழுதுகிறேன், ஆடினால் எனக்கு உடனே தெரியும். எழுத்து கோணினால் முறை வந்துவிட்டது என்று நீயே தெரிந்துகொள். அப்பா கண்ணை மூடிக் கிடக்கிறார்கள், தூக்கமா, காத்திருக்கிறார்களா தெரியவில்லை. கம்பளியைப் பக்கத்தில் எடுத்து வைத்திருக்கிறேன். எனக்குப் பயமாக இருக்கிறது சொர்ணம், உன்னிடம் சொல்லாமல் யாரிடம் சொல்வேன்.

வெயில் முற்றத்தைத் தாண்டிச் சுவரில் ஏறிவிட்டது. எழுத்து கோணவில்லை, பார்த்தாயா. நெற்றியைத் தொட்டேன், என் கையைவிடக் குளிர்ச்சியாக இருக்கிறது. ஒரு முறை தப்பினதால் போய்விட்டது என்று சொல்ல முடியாது, மருந்தை விடப்போவதில்லை. ஆனாலும் இன்று வரவில்லை, தோத்திரம். எழுந்து உட்கார்ந்து காப்பி கேட்டார்கள். குடித்துவிட்டு, யாருக்கு எழுதுகிறாய் என்றார்கள், சொன்னேன்.

கர்த்தர் உன் நாவில் இருந்து நீ படித்ததையெல்லாம் சமயத்தில் நினைப்பூட்டுவாராக. பரீட்சைக்குப் பெயர் கொடுக்கக் கடைசி நாள் எது என்று மறுதபாலில் எழுது, மறந்துவிடாதே. முடிக்கப் போனவளை நிறுத்தி அப்பா ஒன்று எழுதச் சொன்னார்கள், அவர்கள் சொன்னபடியே எழுதுகிறேன்: "நான் தேறிட்டேன்னு எழுது. இனி அவ முறைன்னும் எழுது."

இப்படிக்கு,
உன் பதிலுக்கு வழி பார்த்திருக்கும் அம்மா,
ஞானத்தாய்.