அண்ணன் தலையில் விழும் பங்குகள்

செல்ல மகனுக்கு, அம்மா சொல்லத் தங்கை எழுதுவது. இங்கே நாங்கள் மூன்று பேரும் நடமாடிக்கொண்டு இருக்கிறோம், நீயும் அங்கே நேரத்துக்குச் சாப்பிட்டு உடம்பைப் பார்த்துக்கொள்கிறாய் என்று நினைத்துக்கொள்கிறோம். அம்மாவின் வலது கையில் வெந்நீர் கொட்டிவிட்டது, கட்டுப் போட்டிருக்கிறோம், பயப்படும்படி இல்லை. அதனால்தான் இந்தக் கோழிக் கிறுக்கல்.

அம்மா மாத்திரை போட உள்ளே போயிருக்கிறாள், அதற்குள் நான் கவனித்ததைச் சொல்லிவிடுகிறேன். தொழிற்சாலை வாசல் பலகையில் தினமும், எங்களுக்கெல்லாம் கொடுத்திருக்கும் நம் பூட்டுக் கம்பெனிப் பங்குக்குச் சந்தையில் இரண்டு விலை எழுதுவார்கள் அல்லவா, வாங்கும் விலை ஒன்று, விற்கும் விலை ஒன்று. எப்போதும் இரண்டுக்கும் நடுவே சில்லறைக் காசுதான் வித்தியாசம் இருக்கும். இரண்டாவது ஷிஃப்டை நிறுத்தியதிலிருந்து, சண்டை போட்டுக்கொண்ட ஓரகத்திகள் மாதிரி இரண்டும் எட்ட எட்ட நிற்கின்றன. போன தடவை வந்தபோது பழைய சைக்கிள் கடைக்காரரை வைத்துப் பங்குச் சந்தையில் உன் வேலையைச் சொன்னாயே, யார் வந்தாலும் வாங்க ஒரு விலையும் விற்க ஒரு விலையும் சொல்லிக்கொண்டே இருக்க வேண்டும், கடையைச் சாத்தக் கூடாது, வண்டி ஓடுமா ஓடாதா என்று தெரியாதபோது அவர் குறைத்து வாங்கி ஏற்றி விற்கப் பார்ப்பார் என்று. நம் பங்குக்கு விலை சொல்வது உன் கம்பெனிதானே, பலகையைப் பார்த்ததும் உனக்கும் அங்கே ஒன்றும் பிடிபடவில்லை என்று தோன்றியது.

இந்தப் பங்கைப் பற்றி வீட்டில் பேசக் கூடாது என்று உனக்குக் கட்டுப்பாடு, அதனால்தான் நீ போன் செய்வதில்லை என்று எனக்குப் புரிகிறது. ஆனால் அப்பா அதை வேறு மாதிரி எடுத்துக்கொண்டார். யார் வந்தாலும் வாங்கிக்கொள்ள வேண்டும் என்று நீ சொன்னது மட்டும்தான் அவர் காதில் நிற்கிறது. இங்கே யார் விற்றாலும் அதை நீ உன் கைக்காசு போட்டு வாங்குகிறாய், தாங்க முடியாமல்தான் பேசாமல் இருக்கிறாய் என்று நினைக்கிறார். கேன்டீனில் ஒவ்வொரு மேசையாகப் போய், விக்காதீங்கப்பா, எல்லாம் என் பையன் தலையிலதான் விழும், கொஞ்சம் பொறுத்துக்குங்க என்று கெஞ்சுகிறார். லேத் ஓட்டும் கடைசல்காரர், அப்போ பையனை ஒரு பெரிய பீரோ வாங்கி வைக்கச் சொல்லுங்க ஃபோர்மேன், எங்க பங்கையெல்லாம் அடுக்க வேண்டாமா என்று கேலி செய்தார், எல்லோரும் சிரித்தார்கள், ஆனால் ஒருவரும் விற்கவில்லை. அவர்களுக்கு ஒன்று என்றபோதெல்லாம் அப்பா முன்னால் போய் நின்றவர், அந்த முகத்துக்காகத்தான். பலகையில் விலை மட்டும் இறங்கிக்கொண்டே இருக்கிறது.

பாலிஷ் போடும் அக்காவை உனக்குத் தெரியும். அவள் வீட்டுக்காரருக்கு இடுப்பு எலும்பில் ஆபரேஷன் செய்ய வேண்டும், கையில் இருப்பது இந்தப் பங்குகள்தான். அவளிடமும் அப்பா அதையே சொன்னார், அவளும், உங்க பையன் எனக்குத் தம்பி மாதிரி, நான் பொறுத்துக்கிறேன் என்று சொல்லிவிட்டாள். அன்றைக்கு எனக்குச் சோறு இறங்கவில்லை. வாங்கறது அண்ணன் வேலை பார்க்கிற கம்பெனிதான்ப்பா, வாங்கினதை வேற யாருக்காவது வித்துடுவாங்க என்று எனக்குத் தெரிந்தவரை சொல்லிப் பார்த்தேன். ஒன்பதாவதோட நின்னவ, நீ எனக்குச் சொல்லித் தர்றியா என்றார். எனக்கும் முழுசாகத் தெரியாது அண்ணா. எல்லோரும் ஒரே நாளில் விற்க வந்தால் உன் கம்பெனிக்கு நஷ்டம் வரலாம், அதில் உனக்கும் திட்டு விழலாம், வேலையேகூடப் போகலாம். ஆனாலும் அது நீ தெரிந்து போன வேலை. அக்காவுக்கு அப்படி இல்லையே.

அம்மா வந்துவிட்டாள். சம்பளத்தில் பிடிக்கிறார்களா, வாங்கின பங்கையெல்லாம் ஒண்டிக் கட்டையாக எங்கே வைத்துக்கொள்கிறாய் என்று கேட்டு எழுதச் சொல்கிறாள். சிரிக்காதே, அவள் அழுதுகொண்டு கேட்கிறாள். கண்ணைக் கெடுத்துக்கொண்டு திரையையே பார்க்காதே, ஈரத் தலையோடு வெளியே போகாதே, பங்கைப் பற்றிப் பேசாவிட்டால் போகிறது, நல்லா இருக்கேன் என்று ஒரு வார்த்தை அப்பாவிடம் சொல் என்கிறாள். உனக்கு ஒரு குறையும் வராது, நீ தொட்டது துலங்கும், மகராசனாக இரு என்று கட்டுப் போட்ட கையைத் தூக்கி வாழ்த்துகிறாள்.

இப்படிக்கு
உன் அம்மா
(எழுதியது உன் குட்டி)

பின்குறிப்பு: கவரை ஒட்டாமல் வைத்திருந்தேன், இது இன்று மதியம் எழுதுவது. காலையில் பேக்கிங் பிரிவில் என் வேலையைப் போட்டுவிட்டு பாலிஷ் பிரிவுக்குப் போனேன். அக்காவின் காதோடு சொல்லிவிட்டு வந்துவிடலாம் என்று நினைத்தேன், மெஷின் சத்தத்தில் அவளுக்கு ஒன்றும் கேட்கவில்லை. பக்கத்து வரிசையில் அப்பா நின்றுகொண்டிருந்தார். அக்கா, விக்கணும்னா வித்துடுங்க, எங்க அண்ணனுக்காகப் பொறுத்துக்க வேண்டாம் என்று எல்லோருக்கும் கேட்கும்படி கத்திவிட்டேன்.