கயிறு பிடித்தவர்

12.11.1974, செவ்வாய்

இன்று மாலை எனக்குப் பெண் கொடுப்பது பற்றிப் பேச பெண் வீட்டார் வந்திருந்தார்கள். பேச்சு அப்பா சங்கு குளித்த காலத்துக்குப் போனது.

"ஒங்களுக்குக் கயிறு பிடிச்ச மச்சான் யாரு?" என்று பெண்ணின் பெரியப்பா கேட்டார். இந்தக் கரையில், கடலில் மூழ்கியவரைப் படகிலிருந்து மேலே இழுக்கும் கயிற்றை மனைவியின் சகோதரனிடம்தான் கொடுப்பார்கள். கூடப்பிறந்தவளின் தாலிக்காகவாவது அவன் கயிற்றை விடமாட்டான்.

"மச்சான் இல்ல. சூசை," என்றார் அப்பா.

அம்மாவுக்கு மூன்று தம்பிகள். பெரியப்பா காப்பியைப் பாதியில் வைத்துவிட்டார்.

அவர்கள் போனதும், ஒரு பொய் சொன்னால் என்ன என்று கத்தினேன்.

"ஒங்கம்மாவும் போயிட்டா. இனி யாருக்குல பொய் சொல்ல? எம் மனசு எப்பவும் சூசைகிட்டதாம்ல கெடந்துச்சு. புருசன் பொஞ்சாதி கணக்கா."

அம்மாவுக்குத் தெரியுமா என்று கேட்கப் பயமாக இருந்தது.

விளக்கு வைக்கும் நேரம் சூசை மாமா வழக்கம்போல மீனோடு வந்தார். கயிறு பிடித்தவர் என்பதால் சின்ன வயதிலிருந்தே அவர் எனக்கு மாமா. இன்று "வாங்க" என்று மட்டும் சொன்னேன். அவர் படியேறவில்லை.

"ஒங்கப்பா சொல்லிட்டாவளா?" என்றார். மீனை என் கையில் கொடுத்துவிட்டுப் போய்விட்டார்.

அப்பா சாப்பிடவில்லை. நான் போட்ட தாழ்ப்பாளை எடுத்துவிட்டுப் படுத்திருக்கிறார். நாளைக்குப் பெரியப்பா முடிவு சொல்ல வருவார். அந்த நேரம் பார்த்து சூசை மாமா வந்து நின்றால்? வராமலே இருந்துவிட்டால்?

எழுதும்போது மட்டும் மாமா என்றே வருகிறது.