மூச்சுப் புகை

டிசம்பர் 3
அலுவலகத்தில் லிஃப்டின் கதவு திறந்தபோது உள்ளே ஓர் ஆடு நின்றது. வெள்ளை ஆடு, ஒரு காது மட்டும் கறுப்பு. ஆறு பேர், நானூற்று எட்டு கிலோ வரை ஏற்றலாம் என்று லிஃப்ட் ஆய்வாளனான நானே சோதித்துக் கையெழுத்திட்ட தகடு அதன் தலைக்கு மேலே இருந்தது. ஆட்டைப் பற்றி விதிகளில் எதுவும் இல்லை. படிக்கட்டில் இறங்கினேன்.

டிசம்பர் 6
நரம்பு மருத்துவர் ஆச்சரியப்படவில்லை. என் மூளையில் டோபமின் குறைந்துவிட்டது. அதனால்தான் கை நடுக்கம். அவர் தரும் மாத்திரை அதை ஈடுசெய்கிறது. ஆனால் அது கையை ஆளும் இடத்தோடு நின்றுவிடுவதில்லை. கண்ணில் பட்டதற்குப் பொருள் சொல்லும் இடத்துக்கும் போகிறது. அங்கே மிஞ்சினால் இல்லாதது இருப்பதாகத் தெரியும்.

"டோஸைக் குறைச்சா ஆடு போயிடும். ஆனா சட்டைப் பட்டன் போட முடியாது. எது வேணும்?"

பட்டன் என்றேன்.

"அப்போ ஆட்டோட பழகிக்கோங்க. சந்தேகம் வந்தா பக்கத்துல இருக்கறவங்களைக் கேளுங்க."

எனக்கு விளங்கக்கூடிய ஏற்பாடு. லிஃப்டின் கம்பிவடத்தைச் சோதிக்கும்போதும் ஒருவர் பார்த்தது செல்லாது. இரண்டாமவர் பார்த்து ஒப்பமிட வேண்டும்.

டிசம்பர் 7
காலை நடையில் நண்பர்களிடம் சொன்னேன். வக்கீல் என்னோடு பள்ளியில் படித்தவன்; விதி பிசகாதவன் என்று அப்போதே எனக்கு ஸ்கேலு என்று பட்டப்பெயர் வைத்தவன். குல்லா, அதன்மேல் மஃப்ளர், அதன்மேல் இன்னொரு மஃப்ளர்; பேசுவதற்காக வாயை மட்டும் திறந்து வைத்திருப்பான். மருந்துக்கடைக்காரர் எங்களைவிட இளையவர். கைகளை அக்குளில் செருகிக்கொண்டு, வக்கீல் சிரித்த பிறகு சிரிப்பார். எங்கள் மலையூரின் குளத்தைச் சுற்றி நடப்பது, பிறகு தேநீர்க்கடை. குளிர் எவ்வளவு கொடிதானாலும் இது மாறியதில்லை.

வக்கீலுக்குச் சிரித்துச் சிரித்துப் புரையேறியது. "டேய் ஸ்கேலு, உன் ஆட்டுக்கு டீ சொல்லவா, பால் சொல்லவா?"

நான் கேட்டுக்கொண்டது ஒன்றுதான். எதையாவது பார்த்து நான் "இருக்கா?" என்றால், இருக்கு அல்லது இல்லை என்று சொல்ல வேண்டும். வேறு பேச்சு கூடாது.

"இதுல மட்டும் தமாஷ் வேண்டாம் சார்" என்றார் மருந்துக்கடைக்காரர். வக்கீல் நெஞ்சில் கைவைத்து, நீதிமன்றத்தில் சாட்சிகள் சொல்வதுபோலச் சத்தியம் செய்தான்.

டிசம்பர் 15
ஏற்பாடு நன்றாக நடக்கிறது. நடைபாதையில் துணி மடிக்கும் பெண்: இல்லை. விளக்கில்லாமல் வந்த பால் வண்டி: இருக்கு, என் கையைப் பிடித்து இழுத்தவன் வக்கீல்தான்.

மனைவிக்குத்தான் மனத்தாங்கல். "இருபது வருஷமா நான் சொன்ன எதையும் நீங்க நம்பினதில்லை. அந்த ரெண்டு பேர் சொன்னா மட்டும் வேதவாக்கா?"

டிசம்பர் 22
ஒன்றைக் கவனித்தேன். இந்தக் குளிரில் மனிதர், நாய், பால்காரர் என்று உயிருள்ள எல்லாவற்றின் வாயிலிருந்தும் மூச்சு புகையாக வருகிறது. இப்போது குளக்கரைக்கும் வந்துவிடும் ஆட்டின் வாயிலிருந்து வருவதில்லை. துணி மடிக்கும் பெண்ணுக்கும் இல்லை.

மருந்துக்கடைக்காரரிடம் சொன்னேன். "மூளை ஆட்டைச் செஞ்சிடுது சார், குளிரைச் சேர்க்க மறந்துடுது" என்றார். நல்ல வாக்கியம்.

ஜனவரி 4
குளத்தோரப் பெஞ்சில் ஒரு கிழவர் சுருண்டு கிடந்தார். மெல்லிய சட்டை, காலில் ஒன்றுமில்லை. எங்களைக் கண்டதும் ஒரு கையை நீட்டினார், உதடுகள் அசைந்தன.

"இருக்கா?" என்றேன்.

வக்கீல் பெஞ்சை நன்றாகப் பார்த்தான். "இல்லை" என்றான். மருந்துக்கடைக்காரர் பெஞ்சைப் பார்த்தார்; வக்கீலின் முகத்தைப் பார்த்தார்; அவரும் இல்லை என்றார்.

"வாயில் புகை வருகிறதே" என்றேன். வந்துகொண்டுதான் இருந்தது, மெல்லிசாக, விட்டு விட்டு.

"டேய், பெஞ்சு காலியாக் கிடக்கு. ரெண்டு பேர் சொல்றோம். விதி போட்டது நீயா நானா?"

நான்தான். நடந்தேன். தேநீர்க்கடையில் இருவரும் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்துக்கொண்டார்கள். காரணம் கேட்டேன். ஒன்றுமில்லை என்றார்கள்.

ஜனவரி 5
பெஞ்சைச் சுற்றி ஆட்கள். வெள்ளைத் துணி, அதற்கு வெளியே ஒரு பாதம். ஒரு போலீஸ்காரர்.

"இருக்கா?"

"இருக்கு சார்" என்றார் மருந்துக்கடைக்காரர்.

நேத்து? நேத்து இருந்தானா? — சொல்லித் தொலைங்களேன்டா என்று கத்தினேன். எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள்.

"நேத்து இல்லை. அப்புறமா வந்து படுத்திருப்பான்" என்றான் வக்கீல்.

இந்த ஆளை யாராவது முன்பே பார்த்தீர்களா என்று போலீஸ்காரர் கேட்டார். நான் முன்னே போனேன். நேற்றுக் காலை பார்த்தேன், உயிரோடிருந்தார், கையை நீட்டினார் என்று வரிசையாகச் சொன்னேன். அவர் எழுதத் தொடங்கினார். வக்கீல் அவர் தோளில் கைபோட்டு ஓரமாக அழைத்துப்போனான். மெதுவாகத்தான் பேசினான், என் காதில் விழும் அளவுக்கு மெதுவாக.

"பாவம் சார், நம்ம ஆளுக்கு உடம்பு சரியில்லை. லிஃப்டுல ஆடு பார்ப்பார்."

போலீஸ்காரர் பேனாவை மூடினார். போகும்போது என் முதுகில் தட்டிக்கொடுத்தார்.

ஜனவரி 9
மாத்திரை வாங்கப் போனேன். கடையில் வேறு யாருமில்லை. மருந்துக்கடைக்காரர் மாத்திரை அட்டையைப் பார்த்தபடியே பேசினார்.

"தமாஷுக்குத்தான் சார். வக்கீல் சார் இல்லைன்னாரு, நானும் சொல்லிட்டேன். டீ குடிச்சிட்டுத் திரும்பும்போது உங்ககிட்ட சொல்லி, அந்தாளுக்கும் ஒரு டீ வாங்கிட்டுப் போலாம்னு பேசிக்கிட்டோம். அப்புறம் அவர் ஏதோ கேஸ் கதை ஆரம்பிச்சாரு... மறந்தே போச்சு சார்."

மறந்தே போச்சு.

"நான் சொன்னேன்னு அவர்கிட்ட சொல்லிடாதீங்க."

பையை நீட்டியபோது அவர் கை நடுங்கியது. என் கை நடுங்கவில்லை. மாத்திரை நன்றாக வேலை செய்கிறது.

ஜனவரி 10
நடைக்குப் போனேன். ஏன் போகிறாய் என்று என்னையே கேட்டுக்கொண்டேன். வேறு யாரைக் கேட்பது?

"ஆட்டுக்காரன் வந்துட்டான்டா" என்றான் வக்கீல்.

ஜனவரி 16
மருத்துவர் அழைத்திருந்தார். போனதும் விளங்கியது: வக்கீல் என் மனைவியிடம் பேசியிருக்கிறான், அவள் மருத்துவரிடம் பேசியிருக்கிறாள். "பெஞ்சுல ஒருத்தரைப் பார்த்ததாவும், அவரை யாரோ சாகவிட்டதாவும் நம்புறீங்களாமே" என்றார் மருத்துவர், மிகுந்த அன்போடு. காட்சிகளை அடக்க இன்னொரு மாத்திரை எழுதினார். மறுத்துப் பேசவில்லை. பேசினால் அதுவும் நோயின் குறியாகும்.

வெளியே வந்ததும் மனைவி என் கோட்டுப் பட்டனைப் போட்டுவிட்டாள். "அவர் உங்களுக்கு நல்லதுதானே நெனைக்கிறார்?"

ஜனவரி 27
லிஃப்டில் ஆடு இல்லை.

பிப்ரவரி 2
ஆடு இல்லை. துணி மடிப்பவள் இல்லை. ஒருவரும் இல்லை. புது மாத்திரை மூளையில் அந்த இடத்தைத் துடைத்து வைத்ததுபோல் ஆக்கிவிட்டது. இதை யாரிடமும் சொல்லவில்லை. காலையில் வழக்கம்போலக் கேட்கிறேன். மரத்தைக் காட்டி இருக்கா என்றேன். வக்கீல், "மரம் இருக்கு, மண்டையிலதான் ஒண்ணும் இல்லை" என்றான். சரியாகத்தான் சொன்னான்.

பிப்ரவரி 8
மருந்துக்கடைக்காரருக்குக் காய்ச்சல், வரவில்லை. பனி கண்ணை மறைத்தது. குளத்தின் படிகளில் வழுக்கல். கீழ்ப்படியில் வக்கீல் கிடந்தான். குல்லா தண்ணீரில் மிதந்தது. ஒரு கால் திரும்பக் கூடாத பக்கம் திரும்பியிருந்தது.

"டேய் ஸ்கேலு... வந்துட்டியா. கையைக் குடுடா."

நின்று பார்த்தேன். விதிப்படி "இருக்கா?" என்றேன். பக்கத்தில் யாரும் இல்லை.

"இருக்கேன்டா. நான்தான்டா. டேய், இருக்கேன்டா."

சோதனைக்கு உட்பட்டது தனக்குத்தானே இரண்டாம் ஒப்பமிட முடியாது. எந்த லிஃப்டும் தன்னைச் சரியென்று எழுதிக்கொண்டதில்லை.

வீட்டுக்கு வந்தேன். "என்ன, சீக்கிரமே வந்துட்டீங்க?" என்றாள். இன்று யாரும் இல்லை என்றேன். தேநீர் சூடாக இருந்தது.

பிப்ரவரி 11
மருத்துவமனையில் வக்கீலைப் பார்த்தேன். வெயில் வந்த பிறகுதான் பால்காரர் கண்டிருக்கிறார். இடுப்பெலும்பு முறிவு, நெஞ்சில் சளி கட்டியிருக்கிறது, குளிரில் கறுத்துப்போன இரு கால்விரல்களை எடுத்துவிட்டார்கள். இனி நடப்பது கடினம் என்கிறார்கள்.

என்னைக் கண்டதும் எழ முயன்றான். "நீ பார்த்தே. என் மூஞ்சிக்கு நேரா நின்னு பார்த்தே. கூப்பிடக் கூப்பிடப் போனியேடா."

அவன் மனைவி என் பக்கம் திரும்பினாள். நான் வாய் திறப்பதற்குள், சுவரோரம் நின்ற மருந்துக்கடைக்காரர் தரையைப் பார்த்தபடி சொன்னார்.

"அவருக்கு உடம்பு சரியில்லைம்மா. லிஃப்டுல ஆடு பார்ப்பார்."

அந்த அம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டு எனக்கு ஒரு நாற்காலி இழுத்துப் போட்டாள். உட்கார்ந்தேன். வக்கீல் என்னையே பார்த்துக்கொண்டிருந்தான். கொண்டுபோயிருந்த ஆரஞ்சுப் பழத்தை உரித்து, நார் நீக்கி, ஒவ்வொரு சுளையாக அவன் வாயில் கொடுத்தேன். அவன் மனைவி பார்த்துக்கொண்டிருந்ததால் விழுங்கினான்.

பிப்ரவரி 14
மருந்துக்கடைக்காரரும் நானும் மட்டும் நடந்தோம். பெஞ்சு அருகே அவர் நடை தளர்ந்தது.

"சார், ஒண்ணு கேக்கலாமா? அன்னிக்குப் படியில... நெஜமாவே ஆள் இல்லைன்னுதான் நெனச்சீங்களா?"

"விதிப்படி கேட்டேன். பதில் சொல்ல இரண்டாமவர் இல்லை" என்றேன்.

அவருக்கு அது போதுமானதாக இருந்தது. கைகளை அக்குளில் செருகிக்கொண்டு நடந்தார்.

எட்டாம் தேதிக் குறிப்பில் ஒன்று விடுபட்டிருக்கிறது. முழுமைக்காக இங்கே சேர்க்கிறேன். வக்கீல் என்னைக் கூப்பிட்ட ஒவ்வொரு முறையும் அவன் வாயிலிருந்து புகை வந்தது. நல்ல அடர்த்தியான புகை.