வகுப்பின் முன்னால் ஒரு நாற்காலி

பலெர்மோ, 13 பெப்ரவரி 1996, செவ்வாய் இரவு

கோபம் இன்னும் ஆறவில்லை. மாலைக் கல்லூரியில் மானிடவியலும் தொல்லியலும் படிக்கத்தான் நான் பெயர் பதிந்தேன். இன்று எங்கள் பெண் விரிவுரையாளர் எல்லோருக்கும் ஒரு பயிற்சி தந்தார். ஒருவரைப் பேட்டி கண்டு துக்க வழக்கங்களை எழுத வேண்டும். எனக்கு மட்டும் பயிற்சி இல்லையாம். "சிஞ்ஞோரா, நீங்கள் முன்னால் வந்து இருங்கள். மற்றவர்கள் உங்களைக் கேட்பார்கள்" என்று நாற்காலியை இழுத்துப் போட்டார். கணவர் இறந்தபோது என் காப்புகளை யார் உடைத்தது என்று முதல் கேள்வியையும் அவரே கேட்டார். நாங்கள் வேதக்காரர், கிறிஸ்தவர்கள்; அப்படி வழக்கமே இல்லை. ஆனால் கோபம் அதற்கல்ல; படிக்க வந்தவளைக் காட்சிப்பொருளாக்கியதற்கு.

கல்லூரி வாசலில் அவருடைய தாயாரைக் கண்டிருக்கிறேன். அவரும் கணவரை இழந்தவர், எப்போதும் கறுப்பு உடைதான். அந்த நாற்காலிக்குப் போகாமல் இருந்த இடத்திலேயே எழுந்து பேனாவைத் திறந்தேன். "உங்கள் தாயார் நிறத்துணி உடுத்தால் அயலார் என்ன சொல்வார்கள்?"

அவர் முகம் சிவந்தது. "அது எங்கள் வீட்டு விஷயம்."

"என்னுடையதும் அப்படித்தான்."

வகுப்பு சிரித்தது. பேட்டி தராவிட்டால் எனக்குப் புள்ளி இல்லை என்றார்.

மகள் ரெஜினா ஏசுகிறாள். "அம்மா, அந்த மனுசியோடை ஏன் கொழுவுறியள்? பெயரை வெட்டிப்போடுவா!"

வெட்டட்டும். நான் பயிற்சியைச் செய்தே கொடுப்பேன். கீழ்வீட்டு இத்தாலியச் சிஞ்ஞோரா, அந்த அம்மாவும் கணவரை இழந்தவர். கதைக்க விருப்பமா என்று முதலில் கேட்டேன். காலையில் கோப்பி குடிக்க வரச் சொல்லியிருக்கிறார்.