ஆளுக்கு அறுபது பக்கம்

நண்பா,

நேற்று நம் வாசிகசாலையில் வரலாற்று முக்கியத்துவம் வாய்ந்த தீர்மானம் ஒன்று நிறைவேறியது. உன் படத்தைக் கிழக்குச் சுவரில் மாட்டுவதா, மேற்குச் சுவரில் மாட்டுவதா என்று இரண்டரை மணி நேரம் ஆராய்ந்து, மேற்கு என்று ஏகமனதாக முடிவு செய்தார்கள். கிழக்குச் சுவர் ஒழுகுகிறது. படத்தின் கீழ் "வாசிப்பில் நம் வழிகாட்டி" என்று எழுதப் போகிறார்களாம். யோசனை தலைவருடையது. எந்தக் கூட்டமென்றாலும் அவர்தானே தலைவர். ஆணியும் அவர் கையில்தான் இருந்தது.

"வாசிக்க உனக்கு எங்காலை வருகுது இவ்வளவு நேரம்?" என்று உன்னைக் குடைந்தவர்கள் இவர்கள்தான். குளத்துத் தண்ணீரை வயல்களுக்கு முறை வைத்துப் பங்கிடும் வட்டவிதானையாக நீ இருந்தாய். மடையைத் திறந்தால் தண்ணீர் வயலுக்குப் போய்ச் சேரும்வரை வாய்க்கால் கட்டின் மேல் காத்திருக்க வேண்டும். மற்றவர்கள் அந்த நேரத்தில் அயலவரின் குடும்பங்களை ஆராய்ந்தார்கள். நீ வாசித்தாய். நேரம் பார்க்க உன்னிடம் மணிக்கூடு இல்லை. தண்ணீர் வயலின் வாயைத் தொட்ட பிறகுதான் பக்கம் எண்ணத் தொடங்குவாய். ஆளுக்கு அறுபது பக்கம். அது முடிந்ததும் தண்ணீர் அடுத்தவருக்கு.

ஒருநாள் தலைவர் கட்டுக்கு வந்து சண்டை பிடித்தார்.

"தம்பி, என்ர முறைக்கு எண்டு பாத்துப் படம் போட்ட புத்தகம் கொண்டந்திருக்கிறாய். பக்கம் ஓடுது, தண்ணி ஓடேல்லை."

"ஓம் அண்ணை. நாளைக்குச் சின்ன எழுத்தில ஒண்டு கொண்டாறன். நீங்களும் இதில இருந்து எண்ணுங்கோ."

"எனக்கு எங்கையடா நேரம்?" என்றவர், பொழுதுபடும் வரை அங்கேயே நின்று உன்னைத் திட்டினார்.

வயல் செய்யும் கமக்காரரின் அடுத்த கூட்டத்தில் உன் பதவி போனது. "புத்தகம் வாசிக்கிறவனுக்கு வேலை இல்லை எண்டுதானே அர்த்தம்?" என்றார் தலைவர். வாசிக்க நேரமில்லாத அத்தனை பேரும் நேரத்துக்கே வந்திருந்து கை உயர்த்தினார்கள். நான் உயர்த்தவில்லை. எதிர்த்தும் பேசவில்லை. நீ இரவல் தந்த புத்தகம் என் மடியில் இருந்தது. ஒருவர் கண்ணிலும் படாதபடி அதைச் சால்வையால் மூடிக்கொண்டிருந்தேன். இன்றைக்கும் எதையாவது வாசிக்க விரித்தால் முதலில் அந்தச் சால்வைதான் நினைவுக்கு வருகிறது. தலைவர் மீதுள்ள கோபம் அதற்குப் பிறகுதான்.

புதிய வட்டவிதானையிடம் கைமணிக்கூடு இருந்தது. மடை திறந்த நிமிடத்திலிருந்து எல்லோருக்கும் சமமாக ஒரு மணி நேரம் என்று கணக்கிட்டு, வீட்டுக்குப் போய்விடுவார். இதுதான் நியாயம் என்று எல்லோரும் மெச்சினார்கள். மடைக்குப் பக்கத்து வயல்கள் நிரம்பி வழிந்தன. கடைசி வயலுக்குத் தண்ணீர் வந்து சேரவே ஒரு மணி நேரம் வேண்டும். கடைசி வயல் உன்னுடையது.

அந்தப் போகம் உனக்கு நெல் விளையவில்லை. நீ நெடுங்கேணிக் காட்டுக்கு மரம் தறிக்கப் போனாய். மூன்றாம் நாள் மரம் உன் பக்கம் சாய்ந்தது.