முதல் அடி அம்மாவுக்கு

ப்ளோவ்டிவ், டிசம்பர்

இத்தாலிக் கிழவிகளுக்கு சூப் ஊட்டும் என் மகாராணிக்கு,

இங்கே எல்லாரும் நலம். நான் மட்டும் குண்டாகிவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை நூலகத்தில் பிள்ளைகளுக்குப் புத்தாண்டுக் குச்சி செய்யக் கற்றுக்கொடுத்தார்கள். நம் நெவேனாவும் ஒரு கிளையை வளைத்து, கம்பளி நூலும் சோளப்பொரியும் கட்டினாள். "இப்ப உங்கள கூட்டிட்டு வந்தவங்க முதுகுல தட்டி, நோய் நொடி இல்லாம இருங்கன்னு வாழ்த்துங்க" என்றார் டீச்சர். நான் குனிந்து முதுகைக் காட்டினேன். அடி விழவில்லை. நிமிர்ந்து பார்த்தால் பிள்ளையைக் காணோம்.

பனியில் வெறும் சட்டையோடு ஓடினேன். எதிரே பேருந்து நிலையத்தில், இத்தாலி பஸ்ஸின் படியில் நின்றிருந்தாள்.

"யோவ், இது உன் பொண்ணா? டிக்கெட் கேட்டா குச்சியக் காட்டுது" என்றார் டிரைவர். எல்லாரும் சிரித்தார்கள். நான் படியருகே போய்க் கையை நீட்டினேன்.

"இறங்குடி செல்லம். அப்பா முதுகு எவ்ளோ அகலம் பாரு!"

"முதல் அடி அம்மாவுக்குத்தான். நீ தள்ளுப்பா."

கம்பியைப் பிடித்தவள் விடவேயில்லை. பஸ் உறுமியது. புத்தாண்டுக்கு நீ வந்துவிடுவாய் என்று சத்தியம் செய்துதான் இறக்கினேன்.

வர முடியாது என்றால் அவள் பேருக்கே எழுது. இப்போது எழுத்துக் கூட்டிப் படிக்கிறாள். அவளிடம் அதைச் சொல்ல எனக்கு வாய் வராது.

உன் வீட்டுக்காரன்