பூசைக்கு மறுநாள் கேட்ட கேள்வி

நேற்று பண்டாரவளையில் ஒரு ஹோட்டல் மண்டபத்தில் நடந்த நூல் வெளியீட்டில் உன்னைப் பார்த்தேன். மேசைமேல் அடுக்கியிருந்த புத்தகங்களின் அட்டையில் இருந்தாய். தேயிலைத் தோட்டத்து வரிசை வீடான லயத்தில் ஒரு காம்பராவின் வாசலில் நீ குந்தியிருக்கிறாய். எதிரே கர்ப்பிணியான செல்வராணி சிரித்துக்கொண்டிருக்கிறாள். மேலே, 'தோட்டப் பெண்களின் உணவுத் தரம்' என்று பெரிய எழுத்து. நீ இறந்துபோய் இன்னும் ஒரு வருடம்கூட ஆகவில்லை. எந்த அறிக்கையில் உன் பெயர் வரக்கூடாது என்று சண்டை பிடித்தாயோ, அதன் அட்டையில் உன் முகத்தைப் போட்டிருக்கிறார்கள். மண்டபத்தின் ஓரத்தில் பகல் சாப்பாட்டுக்குத் தட்டுகள் வைத்துக்கொண்டிருந்தார்கள். பொரித்த கோழி வாசம் மண்டபம் முழுக்க வந்தது.

பட்டம் முடித்த கையோடு இருவரும் அந்த ஆய்வில் சேர்ந்தோம். நீ பதுளை பஜாரில் புடவைக்கடை வைத்திருந்தவரின் மகள். நான் லுணுகலைக்கு மேலே ஒரு தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவள். கர்ப்பிணிகளிடமும் சிறுபிள்ளைத் தாய்மாரிடமும் நேற்று எழும்பியதிலிருந்து படுக்கும்வரை என்னென்ன சாப்பிட்டீர்கள் என்று கேட்க வேண்டும். தானியம், பருப்பு, மீன் இறைச்சி, பால், பழம் என்று வகை பிரித்து, சாப்பிட்ட வகைக்கு ஒரு புள்ளி. கூட்டினால் அதுதான் அவளுடைய உணவின் தரம்.

ஒரே ஒரு நாளை வைத்து எப்படி அளப்பது என்று பயிற்சியிலேயே கேட்டாய். பலரிடம் பல நாட்களில் கேட்கும்போது நல்ல நாளும் கெட்ட நாளும் சமப்பட்டுவிடும் என்றார் ஆய்வுக்குப் பொறுப்பானவர், நாம் 'சேர்' என்று கூப்பிடுபவர். நியாயம்தான் என்று நீயும் ஒப்புக்கொண்டாய்.

பிறகு தெமோதரைப் பக்கத்துத் தோட்டத்துக்குப் போனோம். கோயில் வாசலில் வாழைமரம் இன்னும் வாடவில்லை. கழுவிய அண்டாக்களைக் கவிழ்த்து வைத்திருந்தார்கள். நாம் முதலில் நுழைந்தது செல்வராணி வீட்டில்.

"நேத்தா? நேத்து பூசைங்க. காலையில பொங்கலு, சுண்டலு. மத்தியானம் கெடா வெட்டுனாங்க, எல்லா வீட்டுக்கும் கறி வந்துச்சு. வாழப்பழமும் குடுத்தாங்க."

"மத்த நாள்ல?" என்று கேட்டாய்.

"மத்த நாள்ல என்னாங்க, ரொட்டியும் சம்பலுந்தான். அந்திக்குச் சோறு. பருப்பு இருந்தா பருப்பு. கறிக்கு எங்கங்க போறது?" சொல்லிவிட்டு அவளே சிரித்தாள்.

மற்ற நாளை எழுதத் தாளில் நமக்கு இடம் தரப்படவில்லை. அடுத்த காம்பராவிலும் அதே கிடா, அதே சுண்டல். அதற்கடுத்ததிலும் அதேதான். நீ எழுந்து நேரே வேனுக்குப் போனாய். நானும் பின்னால் ஓடி வந்தேன். வேனில் இருந்த சேரிடம் சொன்னாய்:

"முழுத் தோட்டத்துக்கும் ஒரே பூசை சேர். இதுல எது எதோட சமப்படும்? அடுத்த கிழம வந்து கேப்பம். நாங்க பஸ்ஸிலயே வாறம்."

சேர் கைப்பேசியிலிருந்து தலையை நிமிர்த்தவில்லை. "வேன் இண்டைக்கு மட்டுந்தான். நீர் கேட்டதை எழுதும். யோசிக்கிற வேலையை எங்களிட்ட விடும்."

ஒவ்வொரு தாளின் ஓரத்திலும் 'பூசைக்கு மறுநாள்' என்று இருவரும் எழுதிக்கொடுத்தோம். கணினியில் ஏற்றியவர்கள் ஓரத்தைப் பார்க்கவில்லை. அந்தத் தோட்டத்துப் பெண்கள் நன்றாகச் சாப்பிடுகிறார்கள் என்று முடிவு வந்தது. கர்ப்பிணிகளுக்கு வரவிருந்த சத்துணவு வேறு தோட்டங்களுக்குப் போயிற்று. சாமிக்குப் படைத்த வாழைப்பழத்துக்கும் புள்ளி போட்டுத்தான் அதைத் தட்டிப் பறித்தார்கள்.

செல்வராணிக்குப் பதுளை ஆஸ்பத்திரியில் பிள்ளை பிறந்தது. பிள்ளைக்கு எடையில்லை, தாய்க்கு இரத்தமில்லை என்றார் தாதி. வீட்டிலிருந்து சோறு கட்டிக்கொண்டு வந்திருந்த நீ, வார்டு வாசலில் நின்று கத்தினாய்: "இவட சாப்பாடு நல்லமாம்! எழுதி வெச்சிருக்கானுவள்!" காவலாளி வந்து உன்னை வெளியே போகச் சொன்னார். பிள்ளை பிழைத்தது. இன்றும் வயதுக்குத் தக்க வளர்ச்சி இல்லை.

உன் பெயரை நீக்கச் சொல்லி அவர்களோடு மோதினாய். பெயரை நீக்கினார்கள், வேலையிலிருந்தும் நீக்கினார்கள். நான் இன்னோர் ஆய்வுக்கு மாறிப்போனேன். பிறகு உனக்குப் புற்றுநோய் வந்தது. கடைசியாக உன்னை ஆஸ்பத்திரியில் பார்க்க வந்தபோது பேசவே மூச்சு வாங்கினாய்.

"அந்தத் தோட்டத்துக்குத் திரும்பப் போய்க் கேட்டாங்களா?"

"இல்ல."

"அப்ப நீ என்னத்துக்கு இருக்க?"

கேட்டுவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தாய். உன் வாப்பா தேத்தண்ணீர் வாங்கித் தந்தார். குடிக்காமலே வைத்துவிட்டு வந்தேன்.

நேற்று கேள்வி நேரத்தில் எழுந்தேன். தெமோதரையில் கேட்டது பூசைக்கு மறுநாள் என்பதைச் சபையில் சொன்னேன். அட்டையில் இருப்பவள் அன்றைக்கே அதைச் சொன்னாள் என்றும் சொன்னேன். சேர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே, "அவ அர்ப்பணிப்பான பிள்ளை. இந்த நூலே அவவுக்கு ஒரு அஞ்சலி" என்றார். கைதட்டினார்கள்! உன் சாவுக்கு எழுந்து நின்று கைதட்டினார்கள்.

"அஞ்சலி வேணாம் சேர். அவ கேட்டதுக்குப் பதில் சொல்லுங்க," என்றேன். என் குரல் எனக்கே புதிதாக இருந்தது. ஒலிவாங்கியை வாங்கிக்கொண்டு சாப்பாட்டுக்கு அழைத்தார்கள். நான் சாப்பிடாமல் பஸ் ஏறினேன்.

பஸ்ஸிலிருந்தே செல்வராணிக்கு அழைத்தேன். வரும் புதன்கிழமை போகிறேன். பூசை கிடையாது, சம்பள நாளும் கிடையாது, வெறும் புதன்கிழமை. லயம் லயமாக நானே கேட்கப் போகிறேன். அதன்பின் ஒரு தடவை, மழைக்காலத்தில் வேலை குறையும்போது இன்னொரு தடவை. கேட்டதைச் சுகாதாரத் திணைக்களத்துக்கும் பத்திரிகைக்கும் கொண்டுபோவேன். வேலை போனால் போகட்டும்.

கொஞ்சம் பொறுமையாக இரு என்று வீட்டில் எல்லாரும் சொல்கிறார்கள். உன்னிடமிருந்து எனக்கு வந்தது பொறுமை இல்லை. வந்ததை வைத்துக்கொண்டுதான் போகிறேன்.